சுடாத விரல்

அத்தியாயம் 6

நார்ம் ஸ்ட்ரிக்லண்ட் வைக்கிற சில்லிக் குழம்புக்கு ஹெமெட் வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு விடிந்ததிலிருந்து கொதிக்கவிட்டு, பந்தயத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தன் கையாலேயே ஊற்றுவார். அந்தக் குழம்பு இப்போது வெற்றிக் கோப்பைகள் மேலும், கிளப் விதிகள் எழுதிய பலகை மேலும், நார்மின் வெள்ளைத் தொப்பி மேலும் வழிந்துகொண்டிருந்தது. சட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தது ஒரு ரிமோட் வண்டி. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் அடங்காமல் சுற்றி, மிச்சமிருந்த பீன்ஸைக் கூட்டத்துக்குப் பரிமாறிக்கொண்டிருந்தன. யாரோ ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கியதும்தான் ஓய்ந்தன.

"நான் ரிமோட்லேர்ந்து விரலை எடுத்துட்டேன்!" என்று அலறினான் வண்டிக்குச் சொந்தக்காரன் கர்ட்டிஸ் ஹோல்பெர்க். தொழில் பல் வைத்தியம். சனிக்கிழமைகளில் இந்த மண் தடத்தின் மூன்று வருட சாம்பியன். "விரலை எடுத்தப்புறமும் அது பாட்டுக்குப் பறக்குது! யாரோ கை வெச்சிருக்காங்க! யாரோ என்ன யாரோ... டார்லாதான்!"

டார்லா மெக்கீ, கையில் தன் ரிமோட்டோடு அப்படியே நின்றாள். வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் கண் சிமிட்டாத முகம், இப்போது வெளுத்துப்போயிருந்தது.

"சாட்சி இருக்கா?" என்றார் நார்ம், தொப்பியிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து எறிந்தபடி. அவர்தான் கிளப் தலைவர்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெண்டல் ஹக்கபியின் வாழ்க்கையில் அது முதல் புத்திசாலித்தனமாக இருந்திருக்கும். ஆனால் அவன் துப்பறியும் அலுவலகத்து உதவியாளன். இனெஸ் பராகன் என்ற கெட்டிக்கார அம்மாளிடம் ஆறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறான். சாட்சி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கை தானாக மேலே போய்விடும்.

"நான் பார்த்தேன்," என்றான். "அணிவகுப்பு முடிஞ்சு வண்டிங்கள்லாம் மேசைக்கு வந்திருந்தப்போ, டார்லா கர்ட்டிஸோட மேசைகிட்ட குனிஞ்சிட்டிருந்தாங்க. டோனட் வாங்கற வரிசையிலேர்ந்து பார்த்தேன்."

சொன்ன மறுநொடியே டார்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. வெறுமனே பார்த்தாள்.

கர்ட்டிஸ் அவன் தோளைத் தட்டினான். "சபாஷ் தம்பி! ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. உன் பல்லு ஏன் இப்படி கரேல்னு இருக்கு? ஈறெல்லாம் கறுப்பு. திங்கக்கிழமை வந்து காட்டு."

வெண்டல் வாயை மூடிக்கொண்டான். மூடவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான்.

"இறுதிப் பந்தயத்துக்கு முன்னாடி கமிட்டி கூடும்," என்றார் நார்ம். "அடுத்தவங்க வண்டியைக் கெடுத்தது நிஜம்னா, டார்லா, ஆயுசுக்கும் இந்தத் தடத்துல உனக்கு இடமில்ல. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. விதின்னா விதி."

*

இனெஸ் பராகன் இத்தனை களேபரத்திலும் குடை நிழலில் மடக்கு நாற்காலி போட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெண்டலின் பிக்கப் வேன் ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் அவனைக் கொண்டுவந்து விட வந்தவர். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குப் பிடித்தவருக்குப் பொம்மை வண்டியில் என்ன அக்கறை?

டார்லா நேரே அவரிடம் வந்தாள்.

"மேடம், உங்க ஆள் சொன்னது நிஜம்தான். குனிஞ்சேன். ஆனா வண்டியைத் தொடல. என் டம்ளரைத் தேடினேன்."

"என்ன டம்ளர்?"

"புது மோட்டார் போட்டா அதைக் கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள ஓடவிடுவோம். உள்ள கரிக்கட்டை ரெண்டு இருக்கும். அது தேஞ்சு படிஞ்சாத்தான் மோட்டார் இழுக்கும். எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு கரண்ட் பெட்டி, அது கர்ட்டிஸ் மேசையோரம்தான் இருக்கு. அங்க வெச்சு ஓடவிட்டேன், மோட்டாரை எடுத்து வண்டியில மாட்டினேன். அணிவகுப்பு முடிஞ்சு அந்தக் கறுப்புத் தண்ணியைக் கொட்டலாம்னு திரும்பிப் போனா டம்ளரைக் காணோம். மேசைக்கு அடியில விழுந்துச்சான்னு குனிஞ்சு பார்த்தேன். அவ்வளவுதான்."

"டம்ளர் கிடைச்சுதா?"

"இல்ல. அதான் ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க." அவள் குரல் உடைந்தது. "வாரம் அஞ்சு நாள் ஊரார் புள்ளைங்களை ஏத்தி இறக்கறேன். என்னை யாரும் பேர் சொல்லிக்கூட கூப்பிடறதில்ல, மேடம். இங்க மட்டும்தான் நான் டார்லா. அதையும் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?"

இனெஸ் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று வெண்டலுக்குத் தெரியும். இன்றைக்கு அந்த யாரோ தான்தான் என்பது மட்டும் தெரியவில்லை.

"வா வெண்டல். டம்ளரைத் தேடுவோம்."

தேடினார்கள். குப்பைத்தொட்டி, மேசையடி, டோனட் கடைப் பின்புறம். எங்கே பார்த்தாலும் காகித டம்ளர்கள்தான்.

"மேடம், இது வைக்கோல்போர்ல ஊசி தேடற கதை."

"ஊசி கறுப்பா இருந்தா கண்ணுல படும். இந்தக் கிளப்புல நீ எப்படி சேர்ந்தே?"

"அதைக் கேக்காதீங்க. மூணு மாசம் முன்னாடி எண்பதுகள்ல வந்த பழைய ரிமோட் வண்டி ஒண்ணு வாங்கினேன். என்ன மோட்டார் போடலாம்னு கர்ட்டிஸைக் கேட்டேன். உள்ள செம்புக் கம்பி எத்தனை சுத்து சுத்தியிருக்குங்கறதுதான் கணக்காம். சுத்து குறையக் குறைய வேகம் கூடுமாம். எல்லாரும் இருபத்தேழு சுத்துப் போடறாங்க, நீ பன்னெண்டு சுத்துப் போடுன்னான். போட்டேன்."

"வேகமா போச்சா?"

"புகைதான் வேகமா போச்சு. சுத்து குறைஞ்சா வேகம் கூடும், வேகம் கூடினா கரண்ட் பசியும் கூடும்கறதை அவன் சொல்லல. அந்தப் பசிக்குத் தீனி போட முடியாம, வண்டிக்குள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கற கன்ட்ரோலர் கருகிடுச்சு. இன்னிவரைக்கும் நான் தடத்துல ஒரு சுத்துகூட முழுசா ஓட்டினதில்ல. வேணும்னே கவுத்துட்டான் மேடம், பல்லைப் புடுங்கற பாவி."

இனெஸ் நின்றார். "அவன் உன் பல்லைப் பத்தி என்னமோ சொன்னானே?"

"கறுப்பா இருக்காம். தொழில் புத்தி."

"வாயைத் திற."

"மேடம், நடு மைதானத்துல..."

"திற."

திறந்தான். ஆறு வருடத்தில் அந்த அம்மாள் சிரித்து அவன் பார்த்ததில்லை. இப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"காலையிலேர்ந்து என்னென்ன குடிச்சே?"

"காபி. அப்புறம் அந்த... கரித்தூள் போட்ட லெமனேட். உடம்புக்கு நல்லதுன்னு கடைக்குக் கடை விக்கறாங்களே. கர்ட்டிஸ் மேசையோரம் ஒரு டம்ளர்ல இருந்துச்சு. யாரோ வெச்சிட்டுப் போயிட்டாங்க, நல்ல தாகம். ஆனா ருசி என்னமோ நாணயத்தை நக்கின மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான்.

"வெண்டல்," என்றார் இனெஸ். "நீ டார்லாவோட சாட்சியத்தைக் குடிச்சிட்டே."

"கடவுளே!"

"நீ டம்ளரைக் காலி பண்ணினதால அவ தேடிக் குனிஞ்சா. அவ குனிஞ்சதை நீயே பார்த்து நீயே சாட்சி சொல்லிட்டே. குற்றம் பண்ணினவனே குற்றத்தைக் கண்டுபிடிச்சு வேற ஒருத்தர் தலையில கட்டினதை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

வெண்டல் இரண்டு முறை துப்பினான். துப்பினாலும் மனசு சுத்தமாகவில்லை. டார்லா பார்த்த அந்தப் பார்வை திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது.

*

கமிட்டி நார்மின் மேசையில் கூடியது. குழம்பு வாடை இன்னும் போகவில்லை. வெண்டல் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து காட்டினான். ஒரு ஆண்மகனுக்கு நேரக்கூடிய அவமானங்களில் இது எத்தனையாவது இடம் என்று யோசிக்க அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

"கரித்தூள்தான்," என்றார் நார்ம், எட்டிப் பார்த்து. "பைத்தியக்காரா! ஆஸ்பத்திரிக்குப் போய்யா!"

"சரி, குடிச்சான்," என்றான் கர்ட்டிஸ். தன் வண்டியை ஒரு துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தான். "அதனால என்ன? டம்ளரைத் தேடற சாக்குல என் கன்ட்ரோலர் கையை நெம்பிவிட்டிருக்கலாமே? அது முழு வேகத்துலயே மாட்டிக்கிச்சு. நார்ம், ஓட்டுப் போடுங்க."

"வண்டியைத் திறந்து காட்டுங்களேன்," என்றார் இனெஸ்.

"முடியாது. கேக்காம அடுத்தவன் வண்டியைத் தொடக்கூடாது. இங்க முதல் விதியே அதுதான். பரிசோதனைகூட கண்ணால மட்டும்தான்."

நார்ம் தலையாட்டினார். "ஆமா. காரணமில்லாம என்னாலயும் திறக்க முடியாது. இங்க ஒருத்தன் வண்டி அவன் பொண்டாட்டி மாதிரி."

இனெஸ் டார்லாவின் பக்கம் திரும்பினார். "இந்தப் பழைய கன்ட்ரோலர் எப்படி வேலை செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ரொம்ப எளிசு. ஒரு சின்னக் கை, செம்புத் தகட்டு மேல நகரும். முழு வேகத்துல போனா கரண்ட் பூரா மோட்டாருக்குப் போகும். மெதுவா போகணும்னா மிச்சக் கரண்ட், வண்டி மேல இருக்கே இந்த வெள்ளைப் பீங்கான் கட்டி, இது வழியா போய் சூடா வீணாகும். அதனாலதான் மெதுவா ஓட்டினா இது அடுப்பு மாதிரி கொதிக்கும். இந்தப் பந்தயத்துல இது இல்லாம ஓட்டவே கூடாது. புது எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் போட்டா கரண்ட் இப்படிச் சூடா வீணாகாம வண்டி வழுக்கிட்டுப் போகும், மத்தவங்க கிட்டகூட வர முடியாது."

"இன்னிக்கு மெதுவா எப்ப ஓட்டினீங்க?"

"அணிவகுப்புல. போட்டோவுக்காக எல்லா வண்டியும் வரிசையா நடை வேகத்துல ஒரு சுத்து வரும். பாவம், கட்டியெல்லாம் வெந்துடும்."

"வெண்டல்," என்றார் இனெஸ், அவன் முகத்தைப் பார்க்காமலே. "காலையிலேர்ந்து வலது கையை ஏன் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருக்கே?"

வெண்டல் கையை இன்னும் உள்ளே திணித்தான். பாக்கெட்டுக்குள் இருந்த கை எடுத்துக் காட்டக்கூடிய கை அல்ல. அணிவகுப்பு முடிந்து ஐந்து வண்டிகளும் மேசைக்கு வந்திருந்தபோது, எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் ஒவ்வொரு மேசையாக உலா வந்திருந்தான். என் வண்டி மட்டும் ஏன் கருகுகிறது, இவர்களுடையது எவ்வளவுதான் சூடாகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. முதல் கட்டியைத் தொட்டபோதே உயிர் போயிற்று. ஆனால் கத்த முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு அடுத்த விரலைக் கொண்டுபோனான். முதல் சூட்டிலேயே புத்தி வந்திருக்கவேண்டும். இன்னும் நான்கு விரல் மிச்சமிருக்கும்போது புத்திக்கு என்ன அவசரம்?

இதைச் சொன்னால் கிளப்பிலிருந்து துரத்துவார்கள். ஒரு சுற்றுகூட முழுசாக ஓட்டாமலே துரத்தப்பட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அசடு என்றாலும் அவனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. புழுதி, குழம்பு, நார்மின் அதட்டல் எல்லாமே பிடித்திருந்தது. ஒன்றும் பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

டார்லா எதிரே நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

வெண்டல் கையை வெளியே எடுத்து மேசைமேல் விரித்தான்.

"ஐயா, நான் அஞ்சு வண்டியையும் தொட்டேன். யாரையும் கேக்கல."

கூட்டம் ஒரே குரலில் "ஆ!" என்றது. ஆளைக் கொன்றேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

"கட்டைவிரல் நார்ம் வண்டி," என்றான், கொப்புளத்தைக் காட்டி. "ஆள்காட்டி விரல் தபால்காரர் வண்டி. நடுவிரல் பிளம்பர் வண்டி. மோதிர விரல் டார்லா வண்டி. சுண்டு விரல் கர்ட்டிஸ் வண்டி."

இனெஸ் குனிந்து பார்த்தார். "சுண்டு விரல்ல கொப்புளத்தைக் காணோமே?"

"அது... சுடல மேடம். சுண்டு விரல் கெட்டியா இருக்கும்போலன்னு நினைச்சேன்."

நார்ம் அந்தச் சுண்டு விரலை இழுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அஞ்சு வண்டி ஒரே வரிசையில, ஒரே வேகத்துல, ஒண்ணாவே வந்துச்சு," என்றார் இனெஸ் நிதானமாக. "நாலு கட்டி அடுப்பு. ஒரு கட்டி குளுகுளுன்னு இருக்கு. நார்ம், திறக்கறதுக்குக் காரணம் கேட்டீங்களே. இந்தச் சுண்டு விரல் போதுமா?"

கர்ட்டிஸ் எழுந்தான். துண்டோடு காரை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். பிளம்பர் சும்மா குறுக்கே நின்றார். பிளம்பர் கொஞ்சம் அகலமான மனிதர்.

நார்ம் வண்டியை வாங்கி மேசையில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வெள்ளைக் கட்டியை நெம்பினார். அது ஓடு மட்டும்தான், உள்ளே குடைந்திருந்தது. குடைந்த இடத்தில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு புது எலெக்ட்ரானிக் பலகை, கருகிப்போய் உட்கார்ந்திருந்தது. செம்புத் தகட்டு மேல் நகர்ந்த அந்தச் சின்னக் கை வெறும் வேடத்துக்கு.

"அடப்பாவி! மூணு வருஷமா?" என்றார் நார்ம். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "மோட்டாரையும் கழட்டறேன்."

மோட்டாரை வெளியே எடுத்ததும் வெண்டல் துள்ளினான்.

"இது பன்னெண்டு சுத்து! என்னை வாங்கச் சொன்ன அதே மோட்டார்! அப்போ... நீங்க என்னைக் கவுக்கல? மனசாரத்தான் சொன்னீங்களா?"

கர்ட்டிஸ் துண்டை மேசைமேல் எறிந்தான். "பின்ன என்ன! உனக்குச் சொன்ன அதே சமயத்துலதான் நானும் மாத்தினேன். சூப்பரா போச்சு. உனக்கும் நல்லது பண்ணலாம்னு பார்த்தேன்."

"கட்டிக்குள்ள ஒளிக்கணும்னா சின்னக் கன்ட்ரோலர்தான் அடங்கும்," என்றாள் டார்லா மெதுவாக. "அதுக்குப்போய் பன்னெண்டு சுத்தா? யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த மாதிரி பலகை கருகினா ஒரேடியா கரண்ட்டைத் திறந்து விட்டுடும். அப்புறம் ரிமோட்டுல விரல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"யாரும் கெடுக்கல," என்றார் இனெஸ். "வண்டி கெட்டது இவரோட பேராசையால. வண்டி கைமீறினதும் யாராவது திறந்து பார்த்துடுவாங்களோன்னு பயம். அதான் பக்கத்துல நின்ன முதல் ஆளைக் கைகாட்டிட்டார். ஒண்ணு மட்டும் சொல்லணும் டாக்டர். வெண்டல் பல்லு கறுப்பா இருக்குன்னு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, எனக்கு டம்ளர் கிடைச்சிருக்காது. தவளை தன் வாயால கெட்டது."

*

கர்ட்டிஸ் சாம்பியன் பட்டமும் போய், கிளப்பும் போய், புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பினான். போகிற அவசரத்தில்கூட வெண்டலிடம் ஜன்னல் வழியே, "திங்கக்கிழமை வா, ஈறை அப்படியே விடாதே," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அப்புறம் நார்ம் வெண்டலிடம் வந்தார்.

"ஹக்கபி, நல்ல காரியம் பண்ணே. ஆனா அஞ்சு வண்டியைத் தொட்டிருக்கே, அதுல ஒண்ணு என்னுது. ஒரு வருஷம் நீ இந்தத் தடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது."

"சரிங்க ஐயா."

"வேலிக்கு வெளிய நின்னு பார்க்கலாம். குழம்பும் குடிக்கலாம். சட்டியைக் கழுவிக் குடுத்தா."

வேலிக்கு வெளியே நின்று, கொப்புளம் போட்ட நாலு விரலோடு சட்டியைத் தேய்த்தபடியே இறுதிப் பந்தயத்தைப் பார்த்தான். இனெஸ் குறுக்கெழுத்துக்குத் திரும்பியிருந்தார். டார்லா மூன்றாவதாக வந்தாள். ஜெயித்தது தபால்காரர். ஆனால் ஒலிபெருக்கியில் அவள் பெயரை நார்ம் முழுசாக, நிறுத்தி, இரண்டு முறை வாசித்தார். கூட்டம் கை தட்டியது.

கைதட்டலுக்காக நடை வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் டார்லா வண்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வேலியோரம் வந்தாள். வெண்டல் எழுந்து நின்றான். காலையிலிருந்து சேர்த்துவைத்த மன்னிப்பையெல்லாம் அவிழ்க்கத் தொடங்கினான்.

"டார்லா, நான் ஒரு முட்டாள். பார்த்ததைச் சொல்றேன்னு..."

"ஆமா, முட்டாள்தான்," என்றாள் அவள். "அந்தத் தண்ணியை எந்த மனுஷனாவது குடிப்பானா?"

வேலிக் கம்பிக்கு மேலாக வண்டியை அவன் பக்கம் நீட்டினாள். வெள்ளைக் கட்டி வெயிலில் மினுங்கியது.

"நான் இதுவரைக்கும் யாரையும் இதைத் தொட விட்டதில்ல. நீங்க தொடுங்க. நானே சொல்றேன்."

வெண்டல் சட்டியைக் கீழே வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். மிச்சமிருந்தது ஒரே ஒரு விரல். அந்தச் சுண்டு விரலை நீட்டி, கட்டிமேல் வைத்தான்.

"ஐயோ அம்மா!"

இனெஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெட்டியா இருக்கா, வெண்டல்?"

"இல்ல மேடம்," என்றான் அவன், விரலை வாயில் வைத்துக்கொண்டே. கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பும் வந்தது. "நல்லாவே சுடுது."